மின்னஞ்சற் பேரேடுகளின் நலம் காத்தல்

கடிதம் என்பது இன்று பெரும்பாலும் தாளில் இல்லை. அமைச்சுக்களிலும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நாள்தோறும் நிகழும் கருமங்களுட் பெரும்பகுதி மின்னஞ்சலினாலேயே நடைபெறுகின்றது. முன்னர் ஒரு கந்தோரின் நினைவாற்றல் கோப்புக்கள் அடுக்கிய அலுமாரியில் இருந்தது. இன்று அந்நினைவாற்றல் நம் கண்ணிற் படாத ஓர் அறையில், இடையறாது இயங்கும் சில கணினிகளின் வட்டுக்களில் இருக்கின்றது. அலுமாரிக்குக் கறையான் பகை. வட்டுக்கும் பகைகள் பல உள. அப்பகைகளினின்றும் மின்னஞ்சலைக் காப்பதற்குக் கண்ட வழி யாது, அவ்வழி செவ்வனே தொழிற்படுகின்றதா என்பதை அறிவது எவ்வாறு என்னும் இரண்டையும் இப்பேச்சில் ஆராய்வோம்.

இஃது அறிஞர்க்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சியன்று. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், இலங்கை அரசாங்க நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் வசதி அளித்துவந்த ‘லங்கா அரசாங்க முகில்’ என்னும் கணினிச் சேவை, கப்பம் கேட்கும் தீய மென்பொருளொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை ஏறக்குறைய 12 மணித்தியாலங்களில் மீண்டும் இயங்கச் செய்தனர். ஆயினும், அவ்வாண்டு மே மாதம் 17ஆந் தேதி முதல் ஓகஸ்ட் மாதம் 26ஆந் தேதி வரையுள்ள காலத்துக்கு, வேறாக எடுத்து வைத்த காப்புப் பிரதி எதுவும் இருக்கவில்லை. ஆகவே அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக் கடிதங்கள், பாதிக்கப்பட்ட கணக்குகளில் அழிந்தொழிந்தன. சேவை மீண்டது, கடிதங்கள் மீளவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துகொண்டால், இன்று நாம் பேசவிருக்கும் பொருளின் பாதியை உணர்ந்தவர்களாவோம்.

முதலில், மின்னஞ்சல் வழங்கி ஒன்றினுள்ளே நடப்பது யாது என்பதைப் பார்ப்போம். உலகெங்கும் நிறுவனங்கள் தம்மிடமே வைத்து இயக்கும் மின்னஞ்சல் வழங்கிகளுள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘எக்ஸ்சேஞ்ச்’ பெயர் பெற்றது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வழங்கியில் அலுவலர்களின் அஞ்சற் பெட்டிகள் யாவும் தரவுத்தளம் எனப்படும் பெரிய கோப்பொன்றினுள் அடங்கியிருக்கும். ஒரு தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான பேரின் பெட்டிகள் இருத்தல் கூடும்.

வணிகக் கணக்கியல் பயின்றோர் நாளேட்டையும் பேரேட்டையும் அறிவர். கடையில் நிகழும் கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்த வரிசைப்படி முதலில் நாளேட்டில் எழுதப்படும். பின்னர், உரிய தலைப்புக்களின் கீழ்ப் பேரேட்டிற் பதியப்படும். நாளேடு கைவசம் இருக்கும்வரை, பேரேடு நனைந்தாலும் கிழிந்தாலும் அதனை மீள எழுதிக்கொள்ளலாம். மின்னஞ்சல் வழங்கியும் இம்முறையையே கையாளுகின்றது. ஒரு கடிதம் வந்தாலும், அழிக்கப்பட்டாலும், வேறோர் உறையினுள் மாற்றப்பட்டாலும், அச்செயல் முதலில் நாளேட்டில் எழுதப்படும். அதன்பின்னரே பேரேடாகிய தரவுத்தளத்திற் பதியும். எக்ஸ்சேஞ்ச் வழங்கியின் நாளேடு ஒரே நீண்ட சுருளாக இராது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, ஒவ்வொன்றும் 1 மெகாபைட் அளவுள்ள சிறு சிறு கோப்புக்களாக அது தொடரிலக்கம் இடப்பட்டு எழுதப்படுகின்றது. ஒரு கோப்பு நிறைந்ததும் அது மூடப்பட்டு, அடுத்த இலக்கமுள்ள கோப்புத் திறக்கப்படும்.

நாளேடு இவ்வாறு துண்டு துண்டாக அமைந்திருத்தல் பெரியதொரு நன்மைக்கு இடமளிக்கின்றது. மூடப்பட்ட நாளேட்டுக் கோப்பை வேறொரு கணினிக்கு அனுப்பி, அங்கே உள்ள பேரேட்டுப் பிரதியிலும் அதனைப் பதியலாம் அன்றோ? அவ்வாறு இடையறாது அனுப்பிப் பதிந்துகொண்டிருந்தால், இரண்டாவது பேரேடு முதலாவது பேரேட்டைப் பின்தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். முதலாவது கணினி பழுதுற்றால் இரண்டாவது உடனே கடமையை ஏற்கும். இதனையே தொடர் பிரதியாக்கம் என்பர். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிற் புகுந்த இம்முறை, 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் முழு வளர்ச்சி பெற்றது. அப்பதிப்பு முதலாக, 16 வழங்கிகள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒன்றன் பேரேட்டை மற்றொன்று பிரதி செய்து வைத்துக்கொள்ளலாம். அப்பிரதிகளுள் ஒரு நேரத்தில் ஒன்று மாத்திரமே நடப்புப் பிரதி. அலுவலர்கள் வாசிப்பதும் எழுதுவதும் அதிலேயே நிகழும். ஏனையவை துணைப் பிரதிகள். அவை தம் முறை வரும்வரை அமைதியாகப் பின்தொடர்வன.

இங்கேதான் நமது சிக்கல் தொடங்குகின்றது. நடப்புப் பிரதி நோயுற்றால் ஊரெல்லாம் அறியும். கடிதம் வரவில்லை என்று அலுவலர்கள் தொலைபேசியில் முறையிடத் தொடங்குவர். துணைப் பிரதி நோயுற்றாலோ ஒருவரும் அறியார். கடிதங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டுமே இருக்கும். துணைப் பிரதி செத்து ஒரு மாதம் கழிந்திருக்கலாம். நடப்புப் பிரதி விழும் நாளிலேதான் அவ்வுண்மை வெளிப்படும். தேவைப்படும் வேளையில் மாத்திரமே குறை தெரியவரும் பொருள்கள் உலகிற் பல உள. தீயணைக்கும் கருவி அத்தகையது. வள்ளத்திற் கட்டிவைத்த உயிர்காப்பு மிதவை அத்தகையது. துணைப் பிரதியும் அத்தகையதே. ஆகவே அதனை நாம் தேடிச்சென்று நலம் விசாரித்தல் வேண்டும்.

அவ்விசாரணையில் முதலாவது கேள்வி, பிரதியின் நிலை யாது என்பதாகும். எக்ஸ்சேஞ்ச் வழங்கியிடம் இதனைக் கேட்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அது ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நிலைச்சொல்லைத் தரும். நடப்புப் பிரதியாயின் ‘ஏற்றப்பட்டது’ என்றும், செவ்வனே பின்தொடரும் துணைப் பிரதியாயின் ‘நலம்’ என்றும் விடை வரும். இவையன்றி வேறு விடைகள் வருமிடத்து அவற்றின் பொருளை நுணுகி அறிதல் வேண்டும். ‘தோல்வி’ என்பது ஒரு விடை. ‘தோல்வியுற்று நிறுத்தப்பட்டது’ என்பது மற்றொரு விடை. முன்னைய நிலையில் வழங்கி தானாகவே இடையிடையே முயன்று, காரணம் நீங்கியதும் மீண்டெழும். பின்னைய நிலையில், மனிதர் வந்து கைகொடுத்தாலன்றி அது எழாது. முன்னது சிறிது பொறுத்துப் பார்க்கத்தக்கது; பின்னது பொறுத்துப் பார்க்கத் தகாதது. ‘துண்டிக்கப்பட்டது, நலம்’ என்றும் ஒரு விடை உண்டு. கேட்ட மாத்திரத்தில் இது ஆறுதலளிப்பதுபோலத் தோன்றும். ஆயினும் அதன் உண்மைப் பொருள், தொடர்பு அறுந்த வேளையில் அப்பிரதி நலமாயிருந்தது என்பதேயாகும். தூரதேசத்துக்குச் சென்ற ஒருவரிடமிருந்து ஆறு மாதத்துக்கு முன் வந்த சுகக் கடிதத்தை இன்றைய சுகத்துக்குச் சான்றாகக் கொள்வார் உண்டோ?

இரண்டாவது கேள்வி, பிரதி எவ்வளவு பின்தங்கியிருக்கின்றது என்பதாகும். இதற்கு இரண்டு எண்களைப் பார்த்தல் வேண்டும். நடப்பு வழங்கியில் எழுதி மூடப்பட்டும் துணை வழங்கிக்கு இன்னும் வந்துசேராத நாளேட்டுக் கோப்புக்களின் தொகை ஒன்று. இதனை அனுப்பு வரிசை எனலாம். வந்துசேர்ந்தும் துணைப் பேரேட்டில் இன்னும் பதியப்படாத கோப்புக்களின் தொகை மற்றொன்று; இதனைப் பதிவு வரிசை எனலாம். இவ்விரண்டும் ஒருதன்மைய போலத் தோன்றினும், இவை காட்டும் ஆபத்துக்கள் வேறு வேறானவை. பதிவு வரிசை நீண்டிருந்தால் நாம் இழப்பது நேரம். கோப்புக்கள் துணை வழங்கியின் கையிலேயே இருத்தலால், அவற்றைப் பதிந்து முடிக்கும்வரை அலுவலர்கள் காத்திருக்க நேரும்; அவ்வளவே. அனுப்பு வரிசை நீண்டிருக்கையில் நடப்பு வழங்கி முற்றாக அழிந்தால் நாம் இழப்பது கடிதங்கள். வந்துசேராத கோப்புக்களில் எழுதியிருந்தவை துணை வழங்கி அறியாதவை.

இந்த அனுப்பு வரிசையின் முதன்மையை வழங்கியை வடித்தோரும் நன்கு உணர்ந்திருந்தனர். நடப்பு வழங்கி விழுந்ததும், துணை வழங்கி முதலில் எஞ்சிய கோப்புக்களை இறுதியாக ஒருமுறை எடுத்துக்கொள்ள முயலும். அதன்பின்னும் குறையும் கோப்புக்கள் எத்தனை என்பதைப் பொறுத்தே, தானாகக் கடமையேற்பதா, மனிதரின் கட்டளைக்குக் காத்திருப்பதா என்று அது தீர்மானிக்கும். ஒரு கோப்பேனும் குறைதல் ஆகாது என்று அமைக்கலாம். 6 கோப்புக்கள் வரை குறையலாம் என்று அமைக்கலாம். 12 கோப்புக்கள் வரை குறையலாம் என்றும் அமைக்கலாம். நாம் ஒன்றும் மாற்றாவிடின் அமைந்திருப்பது 6 என்னும் எல்லையே. கடிதங்களை இழவாதிருத்தலும், சேவை தடைப்படாதிருத்தலும் சில வேளைகளில் ஒன்றோடொன்று முரண்படும் என்பதனை இவ்வெல்லைகள் நமக்கு உணர்த்துகின்றன. எதனை எதற்காக விட்டுக்கொடுப்பது என்பதை நிறுவனம் ஆபத்து வருமுன்னரே சிந்தித்துத் துணிதல் நன்று.

இழப்பைக் குறைப்பதற்கு வேறு ஏற்பாடுகளும் உள. 2010ஆம் ஆண்டுப் பதிப்பின் முதலாவது திருத்தத் தொகுதியிலிருந்து, கோப்பு நிறையும்வரை காத்திராமல், எழுதப்படும்போதே நாளேட்டின் சிறு சிறு பகுதிகள் துணை வழங்கிகளுக்கும் அனுப்பப்படுகின்றன. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, சேர்ப்பித்த கடிதங்களின் நகல்களை அஞ்சல் கொண்டுசெல்லும் பகுதி வழக்கமாக 2 நாட்களுக்குத் தன்னிடம் வைத்திருக்கும். பேரேட்டில் இடைவெளி ஏற்பட்டால், அந்நகல்கள் மீளச் சேர்ப்பிக்கப்படும். ஆயினும் இவை யாவும் இரண்டாங்காப்புக்களே. வரிசையின் நீளத்தைக் கவனித்தலாகிய முதற்காப்புக்கு இவை ஈடாகா.

வரிசைகளைக் கவனிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு நேரத்து எண்ணை மாத்திரம் கொண்டு நோயென்றோ நலமென்றோ துணிதல் கூடாது. காலை எட்டரை மணிக்கு அலுவலர்கள் யாவரும் ஒருங்கே வேலை தொடங்கும்போது வரிசை சிறிது நீளும், பின்னர் குறையும். நீண்ட வரிசை குறைந்துகொண்டு வருமாயின் அஞ்சவேண்டியதில்லை. சிறிய வரிசையாயினும் மணிக்கு மணி வளர்ந்துகொண்டே போகுமாயின் அஃது அஞ்சத்தக்கது. காய்ச்சற்காரனின் உடற்சூட்டைத் தாதியர் வேளைக்கு வேளை அட்டையிற் குறித்து வைப்பது இதன் பொருட்டன்றோ?

மேலும், ஒரு பிரதியில் நோயாகும் எண் மற்றொரு பிரதியில் நலமாதலும் உண்டு. சில நிறுவனங்கள் தம் துணைப் பிரதிகளுள் ஒன்றை வேண்டுமென்றே பின்தங்க வைக்கும். அப்பிரதி, வந்த நாளேட்டுக் கோப்புக்களை உடனே பதியாது, குறித்த காலம் கழிந்த பின்னரே பதியும். இக்காலத்தை 14 நாட்கள் வரை நீட்டலாம். நடப்புப் பேரேட்டிற் புகுந்த பிழையொன்று அப்பிரதியை அடையுமுன் தடுத்து நிறுத்துவதற்கு இதனால் வாய்ப்புக் கிடைக்கின்றது. இத்தகைய பிரதியின் பதிவு வரிசை ஆயிரக்கணக்கில் நீண்டிருத்தலே இயல்பு. அது திடீரெனக் குறுகிவிடுமாயின் அன்றுதான் கவலைப்படல் வேண்டும். ஆகவே, எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே அளவுகோலை வைப்பவர் பொய்யான எச்சரிக்கைகளால் அலைப்புண்பர். நாளடைவில் மெய்யான எச்சரிக்கையையும் புறக்கணிக்கப் பழகிவிடுவர்.

மூன்றாவது கேள்வி, பேரேட்டின் ஏடுகள் பழுதின்றி இருக்கின்றனவா என்பதாகும். ஓலைச்சுவடியில் ஓர் ஏட்டைச் செல்லரித்துவிட்டால், சுவடியைப் புரட்டிப் பாராதவர்க்கு அது தெரியாது. வட்டுக்களிலும் சில வேளைகளில் எழுதியது ஒன்றாகவும் வாசிப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும். எக்ஸ்சேஞ்ச் பேரேடு 32 கிலோபைட் அளவுள்ள பக்கங்களால் ஆனது. ஒவ்வொரு பக்கத்திலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த சரிபார்ப்பு எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். வழங்கியானது பின்னணியில் ஓயாது பக்கங்களைப் புரட்டி, அவ்வெண்ணை மீளக் கணித்து ஒப்பிட்டுப் பார்க்கின்றது. ஒரு பக்கம் பழுதுபட்டிருந்தால், வேறொரு பிரதியிலிருந்து அப்பக்கத்தை மாத்திரம் பெற்றுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுகின்றது. பிரதிகள் பல இருத்தலின் சிறப்பு இங்கே புலனாகும். எனினும் இவ்வாறான திருத்தங்கள் அடிக்கடி நிகழுமாயின், அவற்றைக் கண்டு மகிழ்ந்திருத்தல் தகாது. அவ்வட்டு தன் ஆயுளின் முடிவை அடைந்துகொண்டிருக்கின்றது என்பதே அதன் பொருள்.

நான்காவது கேள்வி, வட்டில் இடம் இருக்கின்றதா என்பதாகும். எளிய கேள்வி எனினும் பலரை வீழ்த்திய கேள்வி. நாளேட்டுக் கோப்புக்கள் என்றும் குவிந்துகொண்டே இருக்க முடியாதாகையால், காப்புப் பிரதி எடுக்கப்பட்டு, துணைப் பிரதிகளும் அவற்றைப் பெற்றுப் பதிந்த பின்னர், பழைய கோப்புக்கள் நீக்கப்படும். ஒரு துணைப் பிரதி நின்றுபோனால் அதற்குத் தேவையான கோப்புக்களை ஏனைய வழங்கிகள் நீக்கமாட்டா. அப்பிரதி என்றாவது எழுந்துவரும் என்று அவை கோப்புக்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். இவ்வாறு, எங்கோ ஒரு மூலையில் நோயுற்ற ஒரு துணைப் பிரதியின் காரணமாக, நலமாயுள்ள நடப்பு வழங்கியின் வட்டு நாளுக்கு நாள் நிறைந்து, ஈற்றில் எழுத இடமின்றிப் பேரேடே மூடப்படுதல் கூடும். ஒரு பிரதியின் நோய் மற்றொரு பிரதிக்குத் தொற்றும் வழி இஃது. கவனியாது விடப்பட்ட துணைப் பிரதியைக் காட்டிலும் துணைப் பிரதி இல்லாமையே நன்றாயிருந்திருக்கும் என்று சொல்லும் நிலைமை இதனாலேயே தோன்றுவதுண்டு.

ஐந்தாவது கேள்வி, குழுவின் ஒற்றுமையைப் பற்றியது. இரண்டு நிலையங்களில் வழங்கிகள் இருக்கின்றன என்றும், இடையிலுள்ள தொடர்பு அறுந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். இரு பக்கத்து வழங்கிகளும் மறுபக்கம் அழிந்துவிட்டது என்று கருதி, ஒரே பேரேட்டின் இரு பிரதிகளையும் நடப்புப் பிரதிகளாக்கிவிட்டால் என்னாகும்? ஒரே அலுவலருக்கு இரண்டு வேறு கடித வரலாறுகள் தோன்றும். பின்னர் அவற்றை ஒன்றாக்குதல் அரிது. இதனைத் தடுப்பதற்குச் சங்கங்களில் உள்ள கூட்ட நடப்பெண் விதியைப் போன்றதொரு விதி வகுக்கப்பட்டுள்ளது. வாக்குகளிற் பெரும்பான்மை எந்தப் பக்கத்தில் உண்டோ அந்தப் பக்கமே தொழிற்படலாம். வழங்கிகளின் தொகை இரட்டை எண்ணாயின், வாக்குகள் சரிசமமாகப் பிரியாதிருக்கும் பொருட்டுச் சாட்சி வழங்கி என வேறொரு கணினிக்கும் ஒரு வாக்கு அளிக்கப்படும். நான்கு வழங்கிகளும் ஒரு சாட்சியும் உள்ள இடத்தில் வாக்குகள் ஐந்து. மூன்று வாக்குகள் இருந்தால் வேலை நடக்கும். சாட்சி வழங்கி அஞ்சல் எதனையும் ஏந்தாதாகையால் அது நின்றுபோனதை ஒருவரும் உணரார். ஒரு வழங்கி பின்னர் விழும்போது கூட்ட நடப்பெண் எல்லையில் வந்து நிற்கும். மற்றொன்றும் விழுந்தால், எஞ்சிய நல்ல வழங்கிகளும் தம் பேரேடுகளை மூடிவிடும். ஆகவே சாட்சியையும், வழங்கிகளிடையே உள்ள வலைத்தொடர்பையும், குழுவை ஆளும் சேவைகளையும் சேர்த்தே சோதித்தல் வேண்டும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, ‘தேறியது’ அல்லது ‘தவறியது’ என விடை தரும் கட்டளையும் எக்ஸ்சேஞ்ச் வழங்கியில் உண்டு.

இத்தனை கேள்விகளையும் மனிதரே நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருத்தல் இயலாது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, வழங்கியினுள்ளேயே ஒரு காவல் ஏற்பாடு அமைந்துள்ளது. அதில் மூன்று பகுதியினர் உளர். நாடி பார்ப்போன் ஒருவன். அவன் சிறு சோதனைகளை இடையறாது செய்து, பெற்ற அளவுகளைக் குறிப்பான். நோய் கணிப்போன் ஒருவன். அவன் அவ்வளவுகளை ஆராய்ந்து, நலமா நலமின்மையா என்று துணிவான். மூன்றாமவன் பரிகாரி, அவன் நோய்க்கேற்ற பரிகாரம் செய்வான். சேவையை மீளத் தொடக்குதல் எளிய பரிகாரம். பேரேட்டை வேறு வழங்கிக்கு மாற்றுதல் அதனினும் பெரியது. வழங்கியையே மீள இயக்குதல் கடும் பரிகாரம். எதனாலும் தீராவிடின், அவன் மனிதரை அழைப்பான். நல்ல பரிகாரிக்கு அழகு தன் கைக்கு மிஞ்சியதை அறிந்து மேலிடத்துக்கு அனுப்புதலேயன்றோ?

இனி, அந்த அழைப்பு நம்மை வந்து சேருமா என்று கேட்டல் வேண்டும். மின்னஞ்சல் வழங்கி நோயுற்றது என்னும் செய்தியை அதே மின்னஞ்சல் வழங்கியின் மூலமே அனுப்ப ஏற்பாடு செய்திருப்போர் பலர். இது, தீப்பிடித்த வீட்டினுள்ளே இருக்கும் தொலைபேசியை நம்பியிருப்பதை ஒக்கும். எச்சரிக்கை வேறு வழியால், கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியினாலோ பிறிதொரு நிறுவனத்தின் சேவையினாலோ வந்துசேர்தல் வேண்டும்.

இதற்கு 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தக்க சான்று. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லாப் என்னும் இணையச் சேவையின் தரவுத்தளத்தில், அவ்வாண்டு சனவரி 31ஆந் தேதி, வேலைப்பளு மிகுந்து துணைப் பிரதி பின்தங்கிற்று. அது பின்தொடர்வதற்கு வேண்டிய நாளேட்டுக் கோப்புக்கள், அனுப்பப்படுமுன்னரே முதல் வழங்கியில் நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே துணைப் பிரதியைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முனைந்த பொறியியலாளர் ஒருவர், இரவு வேளையில், கணினி மாறி, நடப்புப் பிரதியைத் துடைத்துவிட்டார். தவற்றை உணர்ந்து நிறுத்துமுன் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு அழிந்தது. காப்புப் பிரதியைத் தேடினர். நாள்தோறும் அதனை எடுக்கவேண்டிய கருவி, பதிப்புப் பொருந்தாமையால், பல நாட்களாகத் தோல்வியுற்று வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களை அக்கருவி அனுப்பியே வந்தது. அவை உரிய முத்திரை பெறாதவை என்று பெறும் வழங்கி திருப்பிவிட்டதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக 6 மணித்தியாலங்களுக்கு முன் வேறொரு தேவைக்கு எடுத்து வைத்திருந்த நகல் ஒன்றே அவர்களைக் காத்தது. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்டவை அழிந்தன. நிகழ்ந்தவற்றை அந்நிறுவனம் மறைக்காது தானே விரிவாக வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

தீச்செய்தி வராமையை நற்செய்தியாகக் கொள்ளற்க என்பதே இச்சம்பவம் புகட்டும் பாடம். நாள்தோறும் ‘யாவும் நலம்’ என்னும் செய்தி வருதல் வேண்டும். அது வாராத நாளில் விசாரணை தொடங்குதல் வேண்டும். கலங்கரை விளக்கின் ஒளி தெரியாத இரவில், விளக்குக் காப்போனிடமிருந்து முறைப்பாடு வரவில்லை என்று மாலுமி ஆறுதல் கொள்வானா?

பிரதிகள் யாவும் நலமாயிருப்பினும் தீராத ஆபத்து ஒன்று எஞ்சுகின்றது. பிரதியாக்கம் நல்லதையும் தீயதையும் பிரித்தறியாது. நடப்புப் பேரேட்டில் ஒருவர் அழித்த கடிதம், சில விநாடிகளில் துணைப் பேரேடுகளிலும் அழியும். கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவையில், 2011ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில், பயனாளர்களுள் 0.02 வீதத்தினரின் அஞ்சற் பெட்டிகள் வெறுமையாய்ப்போயின. சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் இருந்த வழுவே காரணம். வெவ்வேறு நிலையங்களிற் பல பிரதிகள் இருந்தும், அவ்வழு பிரதிகள் பலவற்றையும் ஒருங்கே பாதித்தது. அந்நிறுவனத்தைக் காத்தது காந்த நாடாவில் எழுதி, இயந்திரங்களினின்றும் பிரித்து வைத்திருந்த பழைய காப்புப் பிரதியே. நாடாவிலிருந்து மீட்பதற்குக் காலம் சென்றதெனினும் கடிதங்கள் மீண்டன.

இங்கே நமது நாட்டுச் சம்பவத்தை மறுபடியும் நினைவுகூர்தல் பொருந்தும். 2023ஆம் ஆண்டில் தீய மென்பொருள் வழங்கிகளை மாத்திரமன்றி, அவற்றோடு இணைந்திருந்த காப்பு ஏற்பாட்டையும் பூட்டிவிட்டது. இணைந்திருப்பது எதுவோ அது தாக்குதலுக்கும் எட்டும். அன்று பயன்பட்டுவந்தது எக்ஸ்சேஞ்ச் வழங்கியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆதரவு, தாக்குதலுக்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2023 ஏப்பிரல் மாதத்தில் முடிவுற்றிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021ஆம் ஆண்டு முதலே இருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று. சம்பவத்தின் பின்னர், நாள்தோறும் இணைப்பற்ற காப்புப் பிரதி எடுக்கும் ஒழுங்கு மேற்கொள்ளப்படுமென அறிவிக்கப்பட்டது. பதிப்புக்களின் ஆயுளும் நலக் கண்காணிப்பின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும். 2016, 2019 ஆகிய ஆண்டுப் பதிப்புக்களுக்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆந் தேதியுடன் முடிவுற்றுவிட்டது.

காப்புப் பிரதி இருக்கின்றது என்று ஏட்டில் எழுதியிருப்பதும் போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். குறித்த காலத்துக்கு ஒருமுறை, காப்புப் பிரதியிலிருந்து ஓர் அஞ்சற் பெட்டியையேனும் வேறோர் இடத்தில் மீட்டெடுத்து, கடிதங்களைத் திறந்து வாசித்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறே, நடப்புக் கடமையை ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு வேண்டுமென்றே மாற்றி, துணைப் பிரதி உண்மையில் நிமிர்ந்து நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இதனை அமைதியான ஒரு நாளில், யாவரும் விழித்திருக்கும் வேளையில் செய்வது எளிது. ஆபத்து தெரிவுசெய்யும் வேளை அவ்வளவு வசதியாக இராது.

இதனைக் கேட்டுக்கொண்டிருப்போருள் பெரும்பாலோர் வழங்கிகளைக் காப்போர் அல்லர். எனினும், ஒரு பாடசாலையின் அதிபராகவோ, கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராகவோ, ஒரு திணைக்களத்தின் பொறுப்பதிகாரியாகவோ இருப்போர், தம் கணினிப் பகுதியினரிடம் சில கேள்விகளைக் கேட்கலாம். எங்கள் கடிதங்களின் பிரதிகள் எத்தனை? அவை இன்று காலை எந்த நிலையில் இருந்தன? இக்கணம் நடப்பு வழங்கி அழிந்தால் எத்தனை நிமிடத்துக் கடிதங்களை இழப்போம்? கணினியோடு இணையாத காப்புப் பிரதி எந்த நாள் வரைக்கும் உண்டு? அதிலிருந்து கடைசியாக எப்பொழுது மீட்டுப் பார்த்தீர்கள்? இவற்றைக் கேட்பதற்குக் கணினிக் கல்வி வேண்டுவதில்லை. விடை உடனே வருமாயின் நன்று. தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்று வருமாயின், அவ்வாறு தேடிப் பார்ப்பதற்கு ஒரு காரணம் ஏற்பட்டதும் நன்றே. மே மாதத்துக்கும் ஓகஸ்ட் மாதத்துக்கும் இடையில் இக்கேள்விகளுள் நான்காவதை யாராவது ஒருவர் கேட்டு, விடை கிடைக்கும்வரை விடாதிருந்திருப்பின், அக்கடிதங்களுட் பெரும்பாலானவை இன்றும் உரியவர் கையில் இருந்திருக்கும்.